யுரேனியம் சூசையும் பாஸ்ராப் பெண்ணும்

பெல்ஜியம் நாட்டு நாடாளுமன்றத்தில் ஒரு சட்டம் நிறைவேறியதற்காக விருத்தாசலம் பாலக்கரையில் சரவெடி வெடித்த ஒரே மனிதர் சூசைநாதன்தான். 2007ஆம் வருஷத்துப் பங்குனி மாசம், மண்டையைப் பிளக்கும் வெயில். செராமிக் எஸ்டேட்டில் பொம்மைக் கம்பெனி வைத்திருக்கிற மனிதர், ஆயிரம் வாலாவை நடுரோட்டில் விரித்துப் பற்றவைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்து பூக்கடை ஓரமாக நின்றார். கடலூர் பஸ் நின்றது. சேலம் பஸ்ஸும் நின்றது. கண்டக்டர் ஒருவர் இறங்கி வந்தார்.

"யாருங்க ஜெயிச்சது?"

"பெல்ஜியம்."

"கிரிக்கெட்டா, புட்பாலா?"

"யுரேனியம்ங்க," என்று சொல்லி சூசைநாதன் ஜாங்கிரித் தட்டை நீட்டினார். கண்டக்டர் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, இன்னொன்றை டிரைவருக்கு எடுத்துக்கொண்டு, விசில் ஊதிவிட்டார். நம் ஊரில் இனிப்பு கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். காரணத்தைக் குடைந்து குடைந்து கேட்கிற வழக்கமெல்லாம் கிடையாது.

காரணம் இதுதான். அணு உலைக்கு எரிபொருள் தயாரித்தது போக மிஞ்சுகிற செறிவு குறைந்த யுரேனியம் என்று ஒன்று இருக்கிறது. ஈயத்தைவிடக் கனம். அதைக் குண்டின் முனையில் வைத்துச் சுட்டால் டாங்கியின் இரும்புச் சுவரைத் துளைத்துக்கொண்டு போகும். போகிற போக்கில் தீப்பிடித்து நுண்தூசியாகும். அந்தத் தூசி ஈராக்கில், பாஸ்ரா நகரத்துப் பக்கம், காற்றிலும் மண்ணிலும் கலந்து கிடக்கிறது. அதை மூச்சில் இழுத்த ஜனங்களுக்கு என்ன ஆகும் என்று விஞ்ஞானிகள் இன்னும் வாதாடிக்கொண்டிருந்தார்கள். சூசைநாதன் தீர்ப்பே எழுதிவிட்டார். அந்த வகை ஆயுதத்தை உலகத்திலேயே முதலாவதாகத் தடை செய்த நாடு பெல்ஜியம். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் கன்னியாஸ்திரியாக இருக்கிற சூசைநாதனின் தங்கை சிஸ்டர் அன்னாள் போனில் சேதி சொன்னாள். "அண்ணே, நீங்கல்லாம் ஜெபம் பண்ணதுக்குப் பலன் கெடைச்சிருச்சு" என்று அவள் பொத்தாம்பொதுவாகத்தான் சொன்னாள். 'நீங்கல்லாம்' என்பதில் இருந்த 'எல்லாரையும்' கழித்துவிட்டு, மிச்சத்தைத் தனக்கு என்று வைத்துக்கொண்டார் சூசைநாதன்.

மனிதர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். செராமிக் டிப்ளமோ படித்து, கரண்டு பெட்டிக்குப் பீங்கான் பியூஸ் கேரியர் செய்து, அதில் நொடித்துப்போய், பிறகு பொம்மைக்கு மாறி, கையூன்றி எழுந்தவர். பிள்ளையாரும் செய்வார், மாதாவும் செய்வார், சீன நாய்க்குட்டியும் செய்வார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முதல் பெஞ்சில் இருப்பார். ஒரே ஒரு வியாதிதான். உலகத்தில் எங்கேயாவது அநியாயம் நடந்தால் அவருக்குத் தூக்கம் வராது. தூரம் அதிகமாக அதிகமாகத் துக்கமும் அதிகமாகும். முதலில் கிழக்குத் திமோர். அந்தத் தீவு எங்கே இருக்கிறது என்று கேட்டால், சுவர் மேப்பில் பல்லி இருந்த இடத்தைத் தொட்டுக் காட்டுவார். அதற்கு விடுதலை கிடைத்த அன்றைக்கும் ஜாங்கிரி உண்டு. பிறகு கொஞ்ச நாள் ஓசோன் படலம். 2003இல் ஈராக்கில் சண்டை மூண்டது. அதோடு யுரேனியம் அவரைப் பிடித்துக்கொண்டது. ஊரும் அவரை 'யுரேனியம் சூசை' என்று பிடித்துக்கொண்டது.

அவர் மனைவி மெர்சிதான் கம்பெனியின் கணக்கும் பேக்கிங்கும் பார்க்கிறவள். அவள் எதையும் நறுக்கென்று சொல்லுவாள்.

"பக்கத்து கம்பெனி சாக்கடை நம்ம வாசல்ல ஓடுது. அதக் கேட்டா சண்ட வரும். பாக்தாத்து விஷயம்னா எவன் வந்து சட்டையப் புடிக்கப்போறான்? அதான் எங்க வூட்டுக்காரரு பாக்தாத்தாப் பாத்துப் புடிச்சிக்கிட்டாரு."

யுரேனிய ஆயுத எதிர்ப்பு இயக்கம் என்று வந்துவிட்டால் கிளை வேண்டும், தலைவர் வேண்டும், செயலாளர் வேண்டும். தலைவர் சூசைநாதன். செயலாளர் பிளக்ஸ் கடை தமிழ்மணி. தமிழ்மணிக்கு யுரேனியம் இரும்பா பித்தளையா என்பதே தெரியாது. ஆனால் பேனர் அடிக்கிற ஆள் அவன்தான் என்பதால் அவனைச் செயலாளர் ஆக்காமல் தீராது. ஜங்ஷனில் மேஜை போட்டுக் கையெழுத்து வாங்கினார்கள். நல்லூர் பக்கத்து விவசாயிகள் கரும்பு நிலுவைக்கான மனு என்று நினைத்துப் போட்டார்கள். நம் ஜில்லா மங்களூர்க்காரர் ஒருவர் பட்டா மாறுதலா என்று கேட்டுவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று போட்டார்.

மங்கலம்பேட்டைக்குப் போனபோதுதான் ஒரு சங்கடம். அங்கே பாதி வீட்டு ஆண்கள் வளைகுடாவில் இருக்கிறார்கள். ஒரு அம்மா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, சூசைநாதன் பேசியதைப் பொறுமையாகக் கேட்டார்.

"எம்மவன் அந்தப் பக்கந்தாண்ணே மிலிட்டரி கேம்புல சோறாக்குறான். பாஸ்போர்ட்ட ஏஜெண்டு புடுங்கி வச்சிக்கிட்டான். நான் கையெழுத்துப் போட்டா அவன் வந்துருவானா?"

"அது தனிமனுஷப் பிரச்சனம்மா," என்றார் சூசைநாதன் கனிவாக. "இது சர்வதேசப் பிரச்சன."

அந்த அம்மா கையெழுத்துப் போடவில்லை. விழிப்புணர்வு போதவில்லை என்று சூசைநாதன் வழியெல்லாம் வருத்தப்பட்டுக்கொண்டே வந்தார்.

தூசியைப் பற்றி அவர் பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். கண்ணுக்குத் தெரிகிற தூசி ஆபத்தில்லை, கண்ணுக்குத் தெரியாததுதான் ஆள்கொல்லி என்பார். மூக்கு அதைத் தடுக்காது, தொண்டை தடுக்காது, நேரே நுரையீரலின் கடைசிப் பைக்குள் போய்க் குந்திக்கொள்ளும், உயிர் போனாலும் அது போகாது என்று சொல்லும்போது அவருக்கே குரல் கம்மும். இப்படிப் பேசிவிட்டு, கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு எங்கே போவார்? தன் கம்பெனிக்குத்தான் போவார்.

அந்தக் கம்பெனியில் பொம்மை எப்படி ஆகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். களிமண்ணும் வெள்ளைக்கல் மாவும் கரைத்த கூழை அச்சில் ஊற்றுவார்கள். அச்சு இரண்டு பாதி. பிரித்தெடுக்கும்போது பொம்மையின் மேல் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் ஒரு பிசிறு நிற்கும். அதை எடுக்க வேண்டும். ஈரம் இருக்கும்போதே நனைந்த பஞ்சால் துடைத்து எடுத்தால் தூசி கிடையாது, ஆனால் நேரம் பிடிக்கும். காய்ந்த பிறகு பிளேடு வைத்துச் சுரண்டினால் சர்சர் என்று வேலை ஓடும். மாவாகக் கொட்டும், பறக்கும். காற்றடித்தால் பொம்மை ஒரு பக்கமாகக் காய்ந்து விரிசல் விடும் என்று பேன் போட மாட்டார்கள், ஜன்னலையும் சாத்திவிடுவார்கள். அதற்குப் பெயர் சுரண்டுற ரூம். உள்ளே போன பெண்கள் சாயங்காலம் வெளியே வரும்போது புருவம், இமை, காதுமடல் எல்லாம் வெள்ளையாக இருக்கும். சூசைநாதன் அதைப் பார்த்துச் சிரிப்பார். "ஆண்டவன் மனுஷன மண்ணுலதான செஞ்சாரு? மண்ணு நம்மள என்னா பண்ணப்போவுது?" என்பார். வேத வசனத்தை வைத்து மாஸ்க் செலவை மிச்சம் பிடித்த மனிதர் அவர்.

அந்த ரூமில் வெகுகாலமாகச் சுரண்டுகிறவள் கொளஞ்சியம்மாள். முப்பத்தைந்து வயதுக்காரி. இரண்டு பெண்பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போகிறார்கள், புருஷன் திருப்பூர் போனவன் போனவன்தான். 2008ஆம் வருஷம் ஆடியில் இருமல் வந்தது, ஐப்பசி பிறந்தும் போகவில்லை. ஒரு நாள் லீவு சொல்லிவிட்டுப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தாள். மறுநாள் காலையில் பழுப்புக் கவரோடு சூசைநாதனின் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"சார், படம் புடிச்சாங்க. தூசில வேல செய்யக் கூடாதுன்னு டாக்டரு கண்டிஷனா சொல்லிட்டாரு. என்னைப் பேக்கிங்ல போடுங்க சார். சம்பளம் கொறைஞ்சாலும் பரவால்ல. இந்தப் புள்ளைங்களுக்கு நான் ஒருத்திதான்."

அவ்வளவுதான் அவள் கேட்டது. உள் ரூமிலிருந்து வெளித் தாழ்வாரத்துக்கு, வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்குகிற இடத்துக்கு, மாற்றச் சொன்னாள். கொடுத்திருக்கலாம். இருபது தப்படிகூட இல்லாத தூரம்.

ஆனால் அப்போது பார்த்துப் புறா வந்து குறுக்கே விழுந்தது. நவம்பரில் யுரேனிய ஆயுதத்துக்கு எதிராகப் பல நாடுகளில் ஒரே சமயத்தில் கூட்டம் நடத்துகிறார்கள் என்று அன்னாள் சொல்லியிருந்தாள். நம் ஊரிலும் ஒரு கண்காட்சி, ஒரு கருத்தரங்கம் என்று முடிவாகிவிட்டது. வருகிறவர்களுக்கெல்லாம் கையிலும், வெளிநாட்டுக்காரர்களுக்குப் பார்சலிலும், வெள்ளைப் பீங்கான் சமாதானப் புறா. "நல்லாருக்கும்ண்ணே" என்று அன்னாள் வாய்தவறிச் சொன்னதை ஆர்டராகவே எடுத்துக்கொண்டார் சூசைநாதன். அச்சு போட்டாயிற்று. புறாவின் இறக்கை மடிப்பில் பிசிறு எடுக்கக் கொளஞ்சியம்மாள் கை ஒன்றுதான் லாயக்கு. மற்றவர்கள் தொட்டால் இறக்கை முறிந்து கோழிக்குஞ்சாகிவிடுகிறது.

"இந்தப் புறா முடியட்டும் கொளஞ்சி. நவம்பர் கூட்டம் முடிஞ்ச மறுநாளே நீ பேக்கிங்தான். நான் வாக்கு குடுக்கறேன். அந்தக் கவர இங்க வச்சிட்டுப் போ, பாத்துட்டுத் தரேன்."

அவள் கவரை வைத்துவிட்டுப் போனாள். அதற்குள் இருந்த படத்தை அவள் ஒரு தடவைகூட வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததில்லை. பயம்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. புறா காயவில்லை. ஜன்னலோடு கதவையும் சாத்தி, உள்ளே கரி அடுப்பு மூட்டிக் காயவைத்து, காய்ந்ததும் சுரண்டினார்கள். உலக சமாதானத்துக்கு நாள் நெருங்கிவிட்டது, பஞ்சு நனைத்துத் துடைத்துக்கொண்டிருக்க யாருக்கு நேரம்? மெர்சி ஒரு நாள் ரூமுக்குள் எட்டிப்பார்த்துவிட்டு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

"என்னாங்க, அந்தக் கொளஞ்சி இருமுற இருமலு தாழ்வாரம் வரைக்கும் கேக்குது. நான் அவள பேக்கிங்குக்கு இழுத்துக்கறேன்."

"ஒரு வாரம், மெர்சி. ஒரே ஒரு வாரம் பொறுத்துக்க. ஐ.நா. சபையே நம்மளப் பாக்குது."

"ஐ.நா. சபைக்கு வேற வேலையே இல்லியா?" என்று மெர்சி திட்டிக்கொண்டே போனாள்.

கண்காட்சிக்குப் படம் வேண்டியிருந்தது. இன்டர்நெட்டில் எடுத்த ஈராக் படங்களைப் பெரிதாக்கினால் முகமெல்லாம் சோற்றுப் பருக்கையாக உடைந்தது. தமிழ்மணி தலையைச் சொறிந்தான்.

"அண்ணே, ஒரு எக்ஸ்ரே இருந்தா பின்னாடி டியூப் லைட்டப் போட்டு எடுப்பா வைக்கலாம். ஜனங்க மெரண்டுரும்."

சூசைநாதன் மேஜை டிராயரைத் திறந்தார். பழுப்புக் கவர் அங்கேதான் இருந்தது. அவர் மனசு ஒரு நிமிஷம் தயங்கியது, இல்லை என்று சொல்ல மாட்டேன். நுரையீரல் என்றால் எல்லாருக்கும் ஒன்றுதானே, நோக்கம் நல்லதுதானே என்று மனசைத் தட்டிக்கொடுத்துத் தூங்கவைத்தார். மூலையில் இருந்த பெயரின் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டினார். கீழே கொட்டை எழுத்தில் ஒரு அட்டை வைத்தார்: 'யுரேனியத் தூசியால் அழிந்த பாஸ்ரா நகரப் பெண்ணின் நுரையீரல்.'

கல்யாண மண்டபத்தில் கண்காட்சி. காலையிலிருந்து நல்ல கூட்டம், மழைக்கு ஒதுங்கியவர்கள் பாதி. அந்தப் படத்துக்கு முன்னால்தான் நெரிசல். சூசைநாதன் பக்கத்தில் நின்று ஒவ்வொருவருக்கும் விளக்கினார். விளக்க விளக்கக் கதை வளர்ந்தது. பத்து மணிக்கு நோயாளியாக இருந்த பாஸ்ராப் பெண் பதினோரு மணிக்கு இறந்துபோனாள்.

பன்னிரண்டு மணி சுமாருக்குச் சிறப்பு விருந்தினர் வந்தார், சென்னையில் நெஞ்சுநோய் டாக்டர். படத்துக்கு முன்னால் நின்று கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"இது எங்க எடுத்தது?"

"பாஸ்ராங்க ஐயா."

"பாஸ்ராவுல கல்லு அரைக்கிறாங்களா என்ன? இது கல்தூசி. பல வருஷம் மூடின ரூமுக்குள்ள மாவை மூச்சுல இழுத்த ஆளு. மேல பாருங்க, பொடிப்பொடியா வெள்ளை. யுரேனியத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே கெடையாது."

"அங்க எல்லாத் தூசியும் இருக்குதுங்க ஐயா," என்றார் சூசைநாதன்.

"யாரா இருந்தாலும் உடனே வெளிய கொண்டாந்துரணும். போன நுரையீரல் திரும்பி வராது. மிச்சம் இருக்கறதக் காப்பாத்தலாம். இன்னும் ஒரு வருஷம் அதே ரூம்ல உக்காந்தா அதுவும் கெடையாது."

டாக்டர் மேற்கொண்டு ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் தமிழ்மணி பொன்னாடையோடு ஓடிவந்து அவரை மேடைக்கு அள்ளிக்கொண்டு போய்விட்டான்.

கொளஞ்சிக்குக் கொடுத்த வாக்கு, மெர்சியிடம் கேட்ட ஒரு வாரம், கரி அடுப்பு, சாத்திய ஜன்னல், எல்லாம் வரிசையாகச் சூசைநாதனின் கண்ணுக்கு முன்னால் வந்தன. அட பாவி மனுஷா என்று தன்னையே திட்டிக்கொண்டார். கூட்டத்துக்குள் புகுந்து மெர்சியைத் தேடிப்பிடித்து, காதோடு காதாக ஒரு வார்த்தை சொன்னார். திரும்பி வந்து படத்தைக் கழற்றிவிடலாம் என்று கை நீட்டினார். அப்போதுதான் வாசலில் கம்பெனிப் பெண்கள் வந்து இறங்கினார்கள். கருத்தரங்கத்துக்கு ஆள் சேர வேண்டுமே என்று அரைநாள் வேலையை நிறுத்தி வேன் வைத்து வரவழைத்ததே அவர்தான்.

வரிசையில் கடைசியாக வந்தாள் கொளஞ்சியம்மாள். மற்றவர்கள் பார்த்து, உச்சுக்கொட்டி, டீ கொடுக்கிற பக்கம் போய்விட்டார்கள். அவள் மட்டும் நின்றாள். அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்தாள். படத்தை அண்ணாந்து வெகுநேரம் பார்த்தாள்.

"ஐயோ பாவம். இந்தப் பொண்ணுக்குப் புள்ளைங்க இருக்குதுங்களா சார்?"

காலையிலிருந்து வந்த அத்தனை பேரில் ஒருவர்கூட இதைக் கேட்கவில்லை.

"ரெண்டு," என்றது சூசைநாதனின் வாய்.

"பொம்பளப் புள்ளைங்களா?"

"ம்."

"படுத்தா மூச்சு முட்டிருக்கும் சார். செவுத்துல சாஞ்சி குந்திக்கினேதான் தூங்கிருக்கும். சோறு எறங்கிருக்காது. இருமுனா புள்ளைங்க முழிச்சிக்குமேன்னு வாயில துணிய வச்சி அழுத்திக்கிட்டு இருந்துருக்கும்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டறேன் சார் இந்தப் பொண்ணுக்காவ."

ஊரை ஒட்டியிருக்கிற மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டுவதென்றால் விருத்தாசலத்தில் விளையாட்டுக் காரியம் இல்லை. கோர்ட்டில் வழக்குப் போடுவதைப் போலத்தான். பாதிக்கப்பட்டவர் பெயர், ஊர், அநியாயம் செய்தவர் பெயர், அந்த ஊருக்கும் கோயிலுக்கும் எத்தனை கிலோமீட்டர் என்பது வரை காகிதத்தில் எழுதி, சாமி காலடியில் வைத்து, முனியப்பர் சன்னிதி வேலில் கட்டிவிட்டு வந்துவிடுவார்கள். மூன்று மாசத்துக்குள் தீர்ப்பு என்று நம்பிக்கை. கட்டிவிட்டார்கள் என்று தெரிந்ததுமே ராவோடு ராவாக வந்து காலில் விழுந்தவர்கள் உண்டு. இந்த விஷயத்தில் இந்து, கிறிஸ்தவர் என்ற பேதமெல்லாம் இல்லை, பயம் எல்லாருக்கும் பொது. முதல் பெஞ்சு சூசைநாதனுக்குக் கை தானாக நெற்றிக்குப் போய்ச் சிலுவை போட்டது.

"பேரு சொல்லுங்க சார்."

"அந்தப் பொண்ணு பேரு தெரியாதும்மா."

"சரி, போவட்டும். அதத் தூசில குந்த வச்சவன் பேரு? அது இல்லாம பிராது எடுபடாதுங்க."

"அமெரிக்கா."

"அது ஊரு பேருங்க சார். ஆளு பேரு வேணும். அப்பறம் கிலோமீட்டரும் எழுதணும். ரொம்ப தூரம் இருக்குமில்ல?"

மைக்கில் தமிழ்மணி தலைவரை மேடைக்குக் கூப்பிட்டான். சூசைநாதன் கொளஞ்சியிடமே திரும்பினார். இத்தனை வருஷம் உலகத்தையே பேசி மடக்கிய வாய், ஒரு பொய்யை உருப்படியாகச் சொல்லத் தெரியாமல் உளறியது.

"வாணாம் கொளஞ்சி, பிராதெல்லாம் எதுக்கு? அவள வெளிய கொண்டாந்தாச்சு. நாளையிலேர்ந்து அவ தாழ்வாரத்துல பேக்கிங்லதான் குந்தப்போறா. மெர்சிகிட்டகூடச் சொல்லிட்டேன்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே காதில் விழுந்தது.

கொளஞ்சியம்மாள் அவரைப் பார்த்தாள். பிறகு படத்தைப் பார்த்தாள். மூலையில் ஒட்டியிருந்த கறுப்பு டேப்பைப் பார்த்தாள். அவள் கை மெல்ல உயர்ந்து தன் நெஞ்சின் மேல் போய் நின்றது. அழுவாள், கத்துவாள், ஊரைக் கூட்டுவாள் என்று சூசைநாதன் காத்திருந்தார். அவளோ புடவையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அப்ப பஸ்ஸுக்குக்கூட நிக்க வாணாம் சார்," என்றாள். "கோயிலுக்கு நடந்தே போயிருவேன்."